குறை மறைத்து விற்ற பனி

ஆஸ்திரிய நாட்டு இஷ்கில் என்னும் மலையூரில் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிகழ்ந்ததைப் பற்றி இன்று ஒரு வாதம் தலையெடுத்திருக்கின்றது. வழக்குமன்றங்கள் எவரையும் குற்றவாளி எனக் கூறவில்லை. ஆகவே அங்கே குற்றம் என ஒன்று நிகழவேயில்லை என்பது அவ்வாதம். நோய் எங்கிருந்தோ வந்தது, எங்கேயோ சென்றது, இடையில் நின்ற ஓர் ஊரின் நற்பெயர் வீணே கெட்டது என்று அவ்வூருக்காக இரங்குவோரும் உளர். இவ்வாதத்தை நாம் மறுக்கின்றோம். அங்கே குற்றம் நிகழ்ந்தது. அது இன்னதென்று பெயரிட்டு உரைக்கவும் இயலும். அப்பெயர் நம் பிக்ஹு நூல்களில் வணிகப் படலத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு ஆடும் செல்வர்களின் கதை நமக்கு எதற்கு என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். இரு காரணங்கள் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் மாந்தர் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்னும் சட்டம், ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நம் கையில் இருந்துவரும் செல்வம்; அதனை உலக நிகழ்ச்சி ஒன்றில் வைத்துப் பார்க்கும் கடமை நமக்குண்டு. மற்றொன்று, அதே நாட்களில் நம் சமுதாயம் வேறொரு தராசில் நிறுக்கப்பட்டது. இரு தராசுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி நீதி விளங்காது.

நிகழ்ந்தது என்ன?

இஷ்கில், டைரோல் மாநிலத்தின் பாஸ்னான் பள்ளத்தாக்கில் உள்ளது. நிலையாக வாழ்வோர் ஏறத்தாழ 1,600 பேர். ஆயின் அங்கே விருந்தினர்க்கென விரிக்கப்பட்டுள்ள படுக்கைகளோ 10,000க்கும் மேல். விருந்தினர் என்றே நாம் சொல்லுகின்றோம். ஏனெனில் ஜெர்மன் மொழியினர் சுற்றுலாப் பயணியை அச்சொல்லாலேயே அழைக்கின்றனர். பனிக்காலத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் வெளியேறும். ஒரு கூட்டம் உட்புகும். பகற்பொழுதில் கம்பிவட ஊர்தியில் மலையேறிச் சறுக்கி இறங்குவர். மாலையில் மதுச்சாலைகளில் தோளோடு தோள் உரச நின்று குடித்துக் கூவிப் பாடுவர். இம்மாலைக் களியாட்டுக்கு ‘அப்ரே ஸ்கீ’ என்று பெயர். ‘சறுக்குக்குப் பின்’ என்பது அப்பிரெஞ்சுத் தொடரின் பொருள். ஊரின் பெரும்பொருள் இவ்விரண்டினாலும் வருவது.

2020 பிப்ரவரி 29ஆம் நாள் மியூனிக் நகரிலிருந்து ஐஸ்லாந்து சென்ற விமானத்தில் வந்திறங்கியோர் சிலரிடம் கொரோனாத் தொற்று கண்டறியப்பட்டது. அவர்கள் இஷ்கிலில் தங்கித் திரும்பியோர். ஐஸ்லாந்து அரசு ஆஸ்திரியாவுக்கு இதனை அறிவித்ததோடு, மார்ச்சு 5ஆம் நாள் இஷ்கிலை நோய் அபாயம் மிக்க இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அதே நாள் டைரோல் மாநில ஆட்சியினர் விடுத்த அறிக்கை வேறு கூறிற்று: அப்பயணிகள் திரும்பிச் செல்லும் விமானத்திலேயே நோயைப் பெற்றிருத்தல் கூடும் என்று. மார்ச்சு 7ஆம் நாள், கிட்ஸ்லோக் என்னும் மதுச்சாலையின் பணியாளர் ஒருவருக்கு நோய் உறுதியாயிற்று. மறுநாள் மாநில ஆட்சியினர் மீண்டும் ஓர் அறிக்கை விடுத்தனர்: அச்சாலைக்கு வந்தோர்க்கு நோய் தொற்றியிருத்தல் மருத்துவ நோக்கில் அரிது என்று. அச்சாலையோ, கூட்டத்தில் வழி பெறப் பணியாளர் ஊதல் ஊதிச் செல்லும் அளவுக்கு நெருக்கம் உடையது எனச் செய்தியாளர் எழுதினர்.

9ஆம் நாள் அந்த ஒரு மதுச்சாலையும், 10ஆம் நாள் ஏனையவும் மூடப்பட்டன. ஆயினும் கம்பிவட ஊர்திகள் ஓடிக்கொண்டேயிருந்தன. 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் இந்நோயை உலகளாவிய கொள்ளைநோய் என அறிவித்தது. ஊர்திகள் அன்றும் ஓடின. 13ஆம் நாள் வெள்ளிக்கிழமை பிற்பகலில், அந்நாட்டுப் பிரதமர் செபாஸ்டியன் குர்ஸ், பாஸ்னான் பள்ளத்தாக்கும் சாங்க்ட் ஆன்டன் ஊரும் உடனடியாக அடைக்கப்படும் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். அயல்நாட்டு விருந்தினர் மட்டும் வெளியேறலாம் என்றனர். அதன்பின் நிகழ்ந்தது பெருங்குழப்பம். ஆயிரக்கணக்கானோர் பெட்டிகளை அள்ளிக்கொண்டு மகிழுந்துகளிலும் பேருந்துகளிலும் ஒரே சாலையில் நெருக்கியடித்து ஓடினர். இடையில் தங்காது சொந்த நாடு செல்லுமாறு பணிக்கப்பட்டோருள் பலர், விமானம் கிடைக்காமல் இன்ஸ்புருக் நகர விடுதிகளில் இரவு தங்கினர். நோய் அவர்களோடு ஐரோப்பா முழுதும் சென்றது.

பின்னர் இன்ஸ்புருக் மருத்துவப் பல்கலைக்கழகத்தார் ஊர்மக்களின் குருதியைச் சோதித்தனர். சோதிக்கப்பட்டோருள் 42.4 விழுக்காட்டினர்க்கு நோய் வந்து சென்ற அடையாளம் இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தமக்கு நோய் வந்ததே தெரியாது. ஜெர்மனியின் கீல் நகரப் பொருளியல் ஆய்வாளர்களோ, இஷ்கிலுக்குச் சாலை வழியில் எத்துணை அருகில் ஒரு மாவட்டம் உள்ளதோ அத்துணை மிகுதியாக அங்கே நோய் இருந்தது எனக் கணக்கிட்டு எழுதினர். பிற்காலத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் நுகர்வோர் பாதுகாப்புச் சங்கம் ஒன்றில் தம் பெயரைப் பதிந்தனர். இவை கட்டுக்கதையல்ல, அந்நாட்டவரே எழுதி வைத்த ஏடுகள்.

ஈரமான தானியம்

அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்லுகையில், அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. வணிகன், மழையில் நனைந்தது என்றான். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய பெருமானார் (ஸல்), ஏமாற்றுவோன் தம்மைச் சார்ந்தவனல்லன் என்றும் உரைத்தார்கள். மழை பெய்தது வணிகன் குற்றமன்று. ஈரம் ஏறியதும் அவன் குற்றமன்று. உலர்ந்ததை மேலே பரப்பியதே அவன் குற்றம்.

இஷ்கிலுக்கு நோய் வந்தது அவ்வூரார் குற்றமன்று என்பதை நாம் முழுமனத்துடன் ஏற்கின்றோம். அது மழை போன்றது. ஆயின் மார்ச்சு 5ஆம் நாளின் அறிக்கையும் 8ஆம் நாளின் அறிக்கையும் என்ன செய்தன? ஈரத்தின்மேல் உலர்ந்த தானியத்தைப் பரப்பின. 7ஆம் நாள் சனிக்கிழமை; கூட்டம் மாறும் நாள். ஐஸ்லாந்தின் எச்சரிக்கை வந்து இரண்டு நாட்கள் கழிந்துவிட்டன. அன்று பெட்டியுடன் வந்திறங்கிய விருந்தினன் அதனை அறிந்திருந்தால் படியேறியிருப்பானா? அவன் முடிவு செய்வதற்கு வேண்டிய செய்தியே அவனிடமிருந்து விலக்கி வைக்கப்பட்டது. மதரஸாவில் முதிரா வயது மாணவனும் அறிவான்: சரக்கின் குறை மறைக்கப்பட்டிருப்பின் வாங்கியவனுக்குத் திருப்பித்தரும் உரிமை உண்டு, அதனை ‘கியாருல் ஐப்’ என்பர். வாங்கிய துணியைத் திருப்பலாம், குதிரையைத் திருப்பலாம். நுரையீரலில் இறங்கிய நோயை எந்தக் கடையில் திருப்பித் தருவது?

விற்பவன் மட்டுமே குறையை உரைக்கக் கடமைப்பட்டவன் அல்லன். குறையை அறிந்த அயலானும் வாங்குவோனுக்கு அதனைச் சொல்லுதல் கடமை என்று ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. அயலானுக்கே அக்கடமை உண்டெனில், ஊதியம் பெற்று மக்கள் நலம் காக்க அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு எத்துணைக் கடமை! நம் வள்ளுவப் பெருந்தகையும் வாணிகத்துக்குரிய அறத்தை நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில்தான் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே அக்குறளின் கருத்து. கொள்வோன் உயிரைத் தம் உயிர்போல் எண்ணியிருந்தால் இவ்விரு அறிக்கைகளும் எழுதப்பட்டிரா.

ஆஸ்திரியாவின் உச்ச நீதிமன்றத் துணைத்தலைவராக முன்பு இருந்த ரொனால்ட் ரோரர் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு, 2020 அக்டோபரில் தன் அறிக்கையை வெளியிட்டது. மார்ச்சு 5ஆம் நாளின் அறிக்கை உண்மைக்கு மாறானது என அக்குழு கண்டது. ஊர்திகள் நிறுத்தப்பட்டதில் காலந்தாழ்ந்தது எனக் கண்டது. முன்னேற்பாடின்றி வெளியேற்றத்தை அறிவித்தது பிழை எனக் கண்டது. ஆயின் சுற்றுலாத் தொழிலார் அதிகாரிகளை நெருக்கினர் என்பதற்குச் சான்று இல்லை என்றும் அது கூறிற்று. வாதிப்போர் இக்கடைசி வரியைப் பிடித்துக்கொள்கின்றனர். நாமும் அவ்வரியை ஏற்கின்றோம், ஏற்றுக்கொண்டே கேட்கின்றோம். நெருக்குவார் இல்லாமலே அதிகாரியின் எழுதுகோல் வணிகன் விரும்பும் திசையில் சாய்ந்தது எனின், அது நெருக்குதலைவிடக் கொடிய நிலையன்றோ? வாயிலில் நிற்கும் திருடனை விரட்டலாம். வீட்டுக்காரனின் மனத்திலேயே குடிபுகுந்தவனை யார் விரட்டுவது? நிகழ்ந்தவை யாவும் உலகம் அறிந்த பின்னரும், மாநிலச் சுகாதாரப் பொறுப்பாளர் தொலைக்காட்சியில் அமர்ந்து, அதிகாரிகள் யாவும் சரிவரவே செய்தனர் என்று திரும்பத் திரும்பக் கூறினார். தவற்றைவிட இந்த நிறைவுதான் நமக்கு அச்சம் தருகின்றது.

இரண்டு வாயில்கள்

கொள்ளைநோய் பற்றிய ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதற்கு இரு பகுதிகள் உண்டு. நோய் பரவிய நிலத்துக்குள் நுழையாதீர் என்பது ஒன்று; நீங்கள் இருக்கும் நிலத்தில் அது தோன்றினால் அஞ்சி ஓடாதீர் என்பது மற்றொன்று. முதற்பகுதி உட்புகுவோனைக் காக்கின்றது. இரண்டாம் பகுதி வெளியே இருப்போரைக் காக்கின்றது. இரு வாயில்களையும் ஒருங்கே அடைப்பதே இச்சட்டத்தின் உயிர். இஷ்கிலில் ஒரு வாரத்திற்குள் இரு வாயில்களும் திறந்து விடப்பட்டன. 7ஆம் நாள் உள்வாயில் திறந்திருந்தது. 13ஆம் நாள் வெளிவாயில் திறக்கப்பட்டது. அடைக்க வேண்டிய நாளில் அடைக்காது, அடைத்த நாளில் விருந்தினரை வெளியே தள்ளினர்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் தோன்றியபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் படைத்தலைவர்களைக் காண ஸர்க் என்னும் இடம்வரை வந்திருந்தார்கள். முஹாஜிர்களைக் கேட்டார்கள், அன்ஸார்களைக் கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. மூத்த குறைஷியரைக் கேட்டார்கள். அவர்கள் ஒருமித்துத் திரும்புக என்றனர். அப்போது அபூ உபைதா (ரலி) அவர்கள், இறைவனின் விதியினின்று ஓடுவதா என்று வினவினார்கள். ஒரு விதியினின்று மற்றொரு விதிக்கே செல்லுகின்றோம் என்னும் பொருள்பட விடையிறுத்தார்கள் உமர் (ரலி). பின்னர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து மேற்கூறிய ஹதீஸை எடுத்துரைக்க, கலீபா இறைவனைப் புகழ்ந்து திரும்பினார்கள். ஒரு பேரரசின் தலைவர், அரசுக் காரியத்திற்காகப் பல நாள் வழி கடந்து வந்தவர், வந்த காரியம் முடியாமலே திரும்பினார். பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டி அறை பதிந்துவிட்டேன், எவ்வாறு வராதிருப்பேன் என்று கேட்கும் பனிச்சறுக்காளர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அம்வாஸில் அபூ உபைதா (ரலி) மறைந்தார்கள். முஆத் பின் ஜபல் (ரலி) மறைந்தார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ரு பின் அல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளுக்குச் சென்று பிரிந்து பிரிந்து தங்கச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் இதனைக் கேட்டு வெறுக்கவில்லை என்றும் வரலாறு கூறுகின்றது. அவர்கள் நாட்டை விட்டு ஓடவில்லை. நெருக்கத்தை விட்டு விலகினர். மலை அந்நாளில் மக்களைப் பிரித்து வைப்பதற்குப் பயன்பட்டது. நம் நாளிலோ அதே மலை, பத்து நாட்டு மக்களை ஒரே கூரையின்கீழ் நெருக்கி வைப்பதற்குப் பயன்பட்டது. கல்லின்மேல் குற்றமில்லை.

எதிர்வாதங்களுக்கு விடை

பனிச்சறுக்கு திறந்த வெளியில் நிகழ்வது. தூய காற்றில் நோய் தொற்றாது என்பர். சறுக்கும் சரிவில் அது பெரும்பாலும் உண்மையே. நாம் விளையாட்டின் பகைவரல்லோம். உடலை உரமாக்கும் விளையாட்டு ஆகுமானது. குதிரையேற்றமும் அம்பெய்தலும் நபிவழியில் ஊக்கப்பட்டவை. ஆயின் அவன் சரிவின் உச்சிக்குச் சென்றது எவ்வாறு? அடைத்த கண்ணாடிக் கூண்டில் மூச்சோடு மூச்சு கலந்து. அதற்குமுன் நின்றது எங்கே? நீண்ட வரிசையில். இறங்கியபின் சென்றது எங்கே? ஊதல் ஒலிக்கும் மதுச்சாலைக்கு. 2020 அக்டோபரில் இத்தாலியின் செர்வினியாவில் ஊர்திக்குக் காத்து நின்ற கூட்டத்தின் படம் வெளிவந்த ஓரிரு நாட்களில் அந்நாட்டரசு சறுக்குத் தலங்களை மூடியது. தலத்தில் தனித்து ஆடும் ஒருவனைக் காட்டி, தலம் முழுதையும் தூயது என்பது வாதமன்று, கண்கட்டு.

பள்ளத்தாக்கின் பிழைப்பு என்னாவது என்பர். இது பொருட்படுத்த வேண்டிய வினா. அங்கே செல்வர் மட்டும் வாழவில்லை. தட்டு கழுவுவோரும் படுக்கை விரிப்போரும் அயல்நாடுகளிலிருந்து பருவத்திற்கு மட்டும் வந்து உழைப்போரும் உண்டு. ஆயின் நோயில் முதலில் விழுந்தவர் யார்? மதுச்சாலைப் பணியாளர். நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர் என நோயைச் சுமந்தவர் யார்? அப்பள்ளத்தாக்கின் மக்களே. ஏப்ரல் மாதம் வரை அடைபட்டுக் கிடந்தவரும் அவர்களே. தீங்கை விலக்குதல் நலத்தை ஈட்டுவதினும் முற்பட்டது என்பது நம் உஸூல் நூலார் வகுத்த விதி. இங்கே அவ்விதியைக்கூட நாட வேண்டியதில்லை. ஏழெட்டு நாள் வருவாயைக் காக்கப் போய் ஊரின் பெயரையே இழந்தனர் என்பது கணக்கறிந்த வணிகனுக்கே விளங்கும். உழைப்போர் வாழ்வுக்கு ஈடு செய்யும் கடமை அரசினுடையது. 2021 பிப்ரவரி 15ஆம் நாள் தலங்களைத் திறக்கலாம் எனச் சொல்லியிருந்த இத்தாலிய அரசு, அதற்கு முந்தைய நாள் மாலையில் மறுத்தது. அவர்கள் மூடியதை நாம் குறை கூறோம். பனியைச் செம்மை செய்து, ஆட்களை அமர்த்தி, உணவுப்பொருள் வாங்கிக் குவித்த எளியோர்க்கு முன்கூட்டியே உரைக்காததைக் குறை கூறுகின்றோம். உண்மையைக் காலத்தே சொல்லாமை அங்கும் இங்கும் ஒரே நோய்தான்.

என் உடல், என் துணிவு, என் பணம் என்பர் மூன்றாம் வகையார். 2020 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் வெர்பியே ஊரில், புதிய உருமாற்ற நோய் காரணமாகத் தனிமையில் இருக்கப் பணிக்கப்பட்ட பிரிட்டிஷ் விருந்தினருள் பலர் இருளோடு இருளாக வெளியேறிவிட்டனர். அடுத்த மாதங்களில் சாங்க்ட் ஆன்டன் ஊரில், சுற்றுலாவுக்குத் தடை இருந்த காலத்தில், வேலை தேடி வந்தோர் எனப் பதிந்து சறுக்கி விளையாடிய அயல்நாட்டு இளைஞர்க்குக் காவல்துறை தண்டம் விதித்தது. இவர்களுக்கு விடையாக நபிமொழியில் ஒரு கப்பல் உண்டு. மேல்தட்டில் சிலர்க்கும் கீழ்த்தட்டில் சிலர்க்கும் சீட்டு விழுந்தது. கீழ்த்தட்டினர் நீருக்காக மேலே ஏறி வருவது மற்றவர்க்கு இடையூறாயிற்று. நம் பங்கில் நாம் ஒரு துளையிட்டுக் கொள்வோமே என்றனர். விட்டுவிட்டால் யாவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் யாவரும் பிழைப்பர். துளையிடுவோன் தன் பங்கில்தான் இடுகின்றான். கடல் பங்கு பார்ப்பதில்லை.

இறுதியாக, மன்றங்கள் விடுவித்தனவே என்பர். ஆம். 2021 நவம்பரில் ஐவர் மீதான குற்ற விசாரணை கைவிடப்பட்டது. இழப்பீடு கோரியோரின் வழக்கு முதல்நிலை மன்றத்தில் தோற்றது. 2023இல் உச்ச நீதிமன்றமும், நோய்த்தடுப்புச் சட்டம் பொதுமக்களின் நலங் கருதியதேயன்றித் தனியொருவர்க்கு இழப்பீட்டு உரிமை வழங்குவதன்று என்னும் கருத்தில் அவர்களைத் திருப்பி அனுப்பிற்று. அந்நாட்டுச் சட்டத்தை அந்நாட்டு நீதிபதிகள் நம்மினும் நன்கறிவர். அத்தீர்ப்பை நாம் பழிக்கவில்லை. ஆயின் நம் ஃபுகஹாக்கள், நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் தீர்ப்பை ‘களாஅன்’ என்றும், ஒருவனுக்கும் அவன் இறைவனுக்கும் இடையேயுள்ள தீர்ப்பை ‘தியானதன்’ என்றும் பிரித்து வைத்தனர். முதலாவது, சான்றையும் சட்ட வாசகத்தையும் பார்க்கும். இரண்டாவது, நிகழ்ந்ததைப் பார்க்கும். வாதத்திறன் மிக்கவனுக்குச் சாதகமாகத் தாமே தீர்ப்பளிக்க நேரினும், அவன் உரிமையற்றதைப் பெறுவானாயின் நெருப்பின் துண்டையே பெறுகின்றான் என்று பெருமானார் (ஸல்) அவர்களே எச்சரித்திருக்கின்றார்கள். ‘இழப்பீடு இல்லை’ என்பது ஒரு தீர்ப்பு. ‘தீங்கு இல்லை’ என்பது வேறொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிறுவ முயல்வது, எழுத்தறிந்தோர் செய்யத்தகாத புரட்டு.

ஒரே வெள்ளிக்கிழமை

இனித் தராசுகளுக்கு வருவோம். பாஸ்னான் பள்ளத்தாக்கினின்று விருந்தினர் வெளியேறிய அதே மார்ச்சு 13ஆம் நாள் வெள்ளிக்கிழமைதான் டில்லி நிஜாமுத்தீனில் தப்லீக் ஜமாஅத்தினரின் கூட்டம் தொடங்கிற்று. தமிழகத்தினின்றும் பலர் சென்றிருந்தனர். இருவிடத்தும் நெருக்கம், இருவிடத்தும் பல நாட்டு மக்கள், இருவிடத்தும் கலைந்து சென்றோர் வழியே நோய் பரவிற்று. ஆயின் அதன்பின்? இஷ்கிலின் மதுச்சாலையில் நின்றோர் என்ன சமயத்தார் என்று உலகில் எவரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அவர்கள் பாதிக்கப்பட்டோர் என அழைக்கப்பட்டனர். நிஜாமுத்தீனில் இருந்தோரோ குற்றவாளிகள் ஆயினர். நோய்க்கே சமயப் பெயர் சூட்டி, அதனைப் போராகச் சித்திரித்த தொலைக்காட்சிகளை நாடு கண்டது. காய்கறி விற்கும் எளிய முஸ்லிம்களைத் தெருவுக்குள் விடாது விரட்டினர். 2020 ஆகஸ்டு 21ஆம் நாள் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளைத் தள்ளி, அவர்கள் பலியாடுகள் ஆக்கப்பட்டனர் என எழுதியபோது, அவதூறு தன் பயணத்தை முடித்திருந்தது.

இவ்வநீதியைச் சொல்லுகையில், கூட்டம் கூடியது சரியே என்று நாம் வாதிடவில்லை. பிறரை நிறுக்கும் தராசில் நம்மவரையும் நிறுக்க வேண்டும். ஹாபிஸ் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள், தம் புதல்வியர் மூவரைக் கொள்ளைநோய்க்குக் கொடுத்தவர். ‘பத்லுல் மாஊன்’ என அந்நோய் பற்றியே ஒரு நூல் யாத்தவர். ஹிஜ்ரி 833இல் கெய்ரோவில் நோய் தோன்றிய தொடக்கத்தில் ஒரு நாளைக்கு நாற்பதுக்கும் குறைவானோரே இறந்தனர். மக்கள் நோன்பு நோற்று வெட்டவெளியில் ஒன்றுகூடி இறைஞ்சித் திரும்பினர். அம்மாதம் முடியுமுன் இறப்பு நாளொன்றுக்கு ஆயிரத்தைக் கடந்தது என்று அந்நூலில் எழுதி வைத்தார்கள். அவர்கள் கூடியது குடிப்பதற்கன்று; அழுது தொழுவதற்கு. ஆயினும் அப்பேரறிஞர் அக்கணக்கை மறைக்கவில்லை. உலர்ந்த தானியத்தை மேலே பரப்பவில்லை.

2020 பிப்ரவரி 27ஆம் நாளே சவூதி அரசு வெளிநாட்டினர் உம்ராவுக்கு வருவதை நிறுத்தியது. மார்ச்சு 5ஆம் நாள், ஐஸ்லாந்து இஷ்கிலின் பெயரைப் பட்டியலில் எழுதிய அந்நாளில், கஅபாவைச் சுற்றியுள்ள தவாப் வெளி தூய்மை செய்யும்பொருட்டு வெறிச்சோடிக் கிடந்தது. அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு உள்நாட்டிலிருந்தோருள் ஏறத்தாழ ஆயிரம் பேரே இசைவு பெற்றனர். வாழ்நாள் சேமிப்பைக் கையில் வைத்திருந்த முதியோர் பலர் அவ்வாண்டு கண்ணீருடன் வீட்டில் இருந்தனர். அவர்களுள் அடுத்த ஆண்டைக் காணாதோரும் உண்டு. இறைவனின் இல்லத்துக்குச் செல்லும் கடமையை ஏழைக் கிழவி ஒருத்தி ஒத்திப் போட்டாள். பனியில் சறுக்கும் விருப்பத்தை ஒரு வாரம் ஒத்திப் போடச் செல்வர்களால் இயலவில்லை. அவர்களை வரவேண்டா எனச் சொல்ல ஆட்சியாளராலும் இயலவில்லை.

கொள்ளைநோய் இனியும் வரும். அது எந்த ஊரில் முதலில் இறங்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அது மலையூராயினும் தர்காவாயினும் திருமண மண்டபமாயினும் சந்தையாயினும், அங்குள்ளோர் செய்ய வேண்டியது ஒன்றே. நோய்ச் செய்தி அமானிதம்; அதற்கு உரியவன் வந்துகொண்டிருக்கும் விருந்தினன். அவன் பெட்டியைக் கட்டுமுன் அது அவனிடம் சேர்ப்பிக்கப்படல் வேண்டும். உள்ளே இருப்போனைத் துரத்தாது, உணவும் மருந்தும் கொடுத்து அங்கேயே காத்தல் வேண்டும். அதனால் கடை அடைபடும் எளியோர்க்குப் பொதுப்பொருளிலிருந்து ஈடு செய்தல் வேண்டும். இவற்றைச் செய்தபின் நோய் பரவுமாயின் அது விதி. செய்யாதபோது பரவியதை விதி என்று கூறி ஒதுங்க, ஆஸ்திரியாவிலும் ஆகாது. நம் மஹல்லாவிலும் ஆகாது.